தீக்குச்சியும் நட்ட கோலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் யாவரும் அறிந்த பழமொழி. ஆயினும் நம் வகுப்பறைகளில் விஞ்ஞானப் பாடம் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வருகிறது. "காற்றுக்கு எடை உண்டு" என்று பத்து முறை எழுதி மனப்பாடம் செய்யும் மாணவி, காற்றை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று கேட்பதில்லை. கேட்டுவிட்டாலோ, "பாடத்தை முடிக்க வேண்டும், உட்கார்" என்ற விடைதான் அவளுக்குக் கிடைக்கிறது.

பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தெர்மோகோலில் எரிமலை, வண்ண விளக்கு மின்னும் அணைக்கட்டு, சுற்றிச் சுழலும் கோள்கள் என எல்லாம் கண்ணைப் பறிக்கும். அருகில் நிற்கும் மாணவி தான் பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "இந்தக் கம்பியைக் கழற்றி விட்டால் என்ன ஆகும், அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், "அது அப்பா செய்தது, சிஸ்டர்" என்பாள். நமது ஆவடியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டு விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் இது. கடைசல், வெல்டிங், பிட்டர் வேலைகளில் தேர்ந்த தந்தையர் இங்கு ஏராளம். அவர்களுடைய கைத்திறனுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் கண்காட்சிப் பரிசைப் பெற வேண்டியவர் அவரா, அவருடைய மகளா? மின்விசிறி நின்றுவிட்டால் மகனை அழைத்துத் திருப்புளியைக் கொடுக்கும் வீடுகளில், மகளுக்குக் கிடைப்பது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைதானே! இப்போது கண்காட்சிப் பொருள்களை முழுதாகச் செய்தே விற்கும் கடைகளும் வந்துவிட்டன. ஆக, அப்பாவின் உழைப்பும் தேவையில்லை என்றாகிவிட்டது.

குழந்தைகள் தங்கள் கையாலேயே செய்து, தாங்களே விடை காண வேண்டும் என்று நம் நாட்டில் பெரிய அளவில் முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்றொரு மாவட்டம். இன்று அதன் பெயர் நர்மதாபுரம். அங்கே கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முறையைத் தொடங்கின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அங்கே வந்து உழைத்தனர். 1978-இல் மாவட்டத்தின் எல்லா அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும் அந்த முறை பரவியது. அவர்களுடைய 'பால வைஞானிக்' என்ற பாடநூலில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. செய்து பார்த்தவருக்கே விடை தெரியும். தேர்வு எழுதப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போகலாம் என்றால் நம் மாணவியர் நம்புவார்களா? அங்கே அதுதான் வழக்கம். 2002-இல் அம்மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை இப்படி நிறுத்தியது வருந்தத்தக்கது என்பதே நம் எண்ணம்.

அந்தத் திட்டத்தில் 1978-இல் வந்து சேர்ந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலையில் இருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு கிராமத்துக்குச் சென்ற அவர், ஊர்ச் சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களைக் கொண்டே விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அவற்றுள் முதன்மையானது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். 1987-இல் அவருடைய தீக்குச்சி மாதிரிகள் பற்றிய நூல் வெளிவந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987-இல் அது சிறுவர்களுக்காகத் தொடங்கிய 'துளிர்' இதழும் இவ்வழியில் நடந்தவையே.

சரி, கதை போதும், வேலையைத் தொடங்குவோம். சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்று கேட்டால், காற்று வெளியேறாமல் வால்வின் மேல் மாட்டும் அந்த மெல்லிய ரப்பர்க் குழாயைத் தருவார்கள். விலை சில ரூபாய்தான். மெழுகுக் குச்சி வளைந்துவிடும். மரக் குச்சியாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க, குச்சிகளின் மருந்தைச் சுரண்டி நீரில் போட்டுவிடுங்கள். குழாயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால், வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைக்கும்.

மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு: சதுரம். இப்போது இரண்டையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகப் படுத்துவிடும். முக்கோணமோ அசையாது. ஏன்? மூன்று பக்கங்களின் நீளத்தையும் முடிவு செய்துவிட்டால் முக்கோணத்தின் கோணங்களும் அப்போதே முடிவாகிவிடுகின்றன, மாறுவதற்கு இடமில்லை. சதுரத்தில் பக்கங்கள் மாறாமலே கோணங்கள் மாறலாம். சாய்ந்து விழும் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு நீளக் குச்சியைக் கட்டிவிட்டால் அது இரண்டு முக்கோணங்களாகி நிமிர்ந்து நின்றுவிடும். அதன் பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் கோபுரத்தையும், தொழிற்சாலைக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களையும் பாருங்கள். எத்தனை முக்கோணங்கள்! அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

மூட்டின் நடுவில் ஊசியால் அல்லது கருவேல முள்ளால் துளையிட்டு, முனையைச் சற்றுக் கூராக்கிய மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று குச்சிகள் சேரும் மூட்டு ஆகும். இப்படி நான்கு மூட்டும் ஆறு குச்சியும் கொண்டு நான்முகி செய்யலாம். எட்டு மூட்டும் பன்னிரண்டு குச்சியும் கொண்டு கனசதுரம் செய்யலாம். முன்னது நிற்கும், பின்னது தள்ளாடும். காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கையிலிருக்கும் அந்தக் குச்சியைப் பற்றியும் ஒரு சொல். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 1970-களிலும் 1980-களிலும் தீக்குச்சிகளைச் சட்டங்களில் அடுக்கியவர்கள் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர்; அவர்களில் உங்கள் வயதுப் பெண்பிள்ளைகளே மிகுதி. விடியுமுன்பே பேருந்து வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. தீக்குச்சியைப் பாடப்பொருளாகக் கொண்டு விளையாடும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

அடுத்தது இன்னும் எளியது. தீக்குச்சிக்குப் பதில் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல் வேண்டும். அதைப் பள்ளி மைதானத்தில் செங்குத்தாக நட வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். பகல் பதினொன்றரை மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வையுங்கள். நிழல் எப்போது மிகக் குறுகுகிறதோ அப்போதுதான் ஆவடிக்கு உண்மையான நண்பகல். அது கடிகாரத்தின் பன்னிரண்டு மணியாக இருக்கும் என்று எண்ணினால் ஏமாந்து போவீர்கள். நம் நாட்டுக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. ஆவடியோ அதற்கு மேற்கே ஏறக்குறைய 80 பாகையில் இருக்கிறது. அதனால் சுமார் பத்து நிமிடம் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் இந்தக் கணக்கு மாதந்தோறும் மேலும் மாறும். பிப்ரவரி நடுவில் ஆவடியின் நண்பகல் 12.24-க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே வந்துவிடும். கூழாங்கற்களை வைத்தே இதைக் கண்டுவிடலாம்.

ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை தெற்கே விழும். இடையே இரண்டு நாள்களில், அதாவது ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும், நண்பகலில் கோலுக்கு நிழலே இராது. ஏப்ரலில் விடுமுறையோ தேர்வோ குறுக்கிடும். ஆகஸ்டில் மேகம் குறுக்கிடலாம். ஆனால் பள்ளி நடக்கும். எனவே ஆகஸ்டையே நாம் பரிந்துரைப்போம்.

அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி மாணவியர் இதே போன்ற கோலை நட்டு, தங்கள் நண்பகலில் (நமக்குப் பத்து நிமிடம் பிந்தி) அளந்தால், அங்கே ஏறக்குறைய 8.8 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். வரைதாளில் அந்த முக்கோணத்தை வரைந்து கோணமானியால் அளந்தால் 5 பாகை. வடக்குத் தெற்காக இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 558 கிலோமீட்டர் என்று வரைபடம் சொல்லும். 5 பாகைக்கு 558 என்றால் 360 பாகைக்கு? 72-ஆல் பெருக்குங்கள்: 40,176. பூமியின் உண்மையான சுற்றளவு துருவங்கள் வழியாக 40,008 கிலோமீட்டர். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கு இதுவே. நம் பக்கத்திலும் இதற்கொரு வரலாறு உண்டு. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற படை அதிகாரி பரங்கிமலையருகே நூறு அடிச் சங்கிலி ஒன்றை வைத்து ஏழரை மைல் தூரத்தை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக்கி அளந்த பெரும்பணிக்கு அதுவே தொடக்கம். மீண்டும் முக்கோணந்தான், பாருங்கள்! பரங்கிமலைக்கு அடுத்த முறை செல்லும்போது, தோமையார் ஆலயத்தில் ஜெபித்த பின் சுற்றியுள்ள சமவெளியையும் ஒரு கணம் பாருங்கள்.

கடைசியாக, சூரியனையே அளப்போம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது; துளை வழியாகவும் பார்க்கக் கூடாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கருப்புத் தாளால் மூடி, தாளில் சிறு துளை வெட்டுங்கள். வெயிலில் வைத்து, அதன் ஒளியை இருட்டான அறையின் சுவரில் விழச் செய்யுங்கள். துளை சதுரமாக இருந்தாலும் தூரத்துச் சுவரில் விழும் ஒளி வட்டமாகவே இருக்கும். அது துளையின் வடிவன்று, சூரியனின் பிம்பம். கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே 20 மீட்டர் இருந்தால் பிம்பத்தின் விட்டம் 18½ சென்டிமீட்டர் அளவில் வரும். தூரத்தை விட்டத்தால் வகுத்தால் 108. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதையும் 108-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 13.9 இலட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம் அதுதான்!

இதே கண்ணாடி கிரகணத்தன்றும் உதவும். 1980 பிப்ரவரி 16-இல் முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாகச் சென்றபோது, எத்தனையோ ஊர்களில் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள், தெருக்கள் வெறிச்சோடின. 2019 டிசம்பர் 26-இல் வளையக் கிரகணத்தைக் காணத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் திடலில் கூடினார்கள். அடுத்து 2031 மே 21-இல் மதுரை வழியாக மீண்டும் ஒரு வளையக் கிரகணம் செல்கிறது. ஆவடியில் சூரியன் வளையமாகத் தெரியாது, பிறையாகவே தெரியும். அன்று கண்ணாடியைத் தேட நேரமில்லாவிட்டால், வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். இலைகளுக்கு இடையிலுள்ள சந்து ஒவ்வொன்றும் அதன்மேல் ஒரு பிறையை வரையும்.