மலையில் அணி எதற்கு?

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் சமவெளிச் சாலைகளில் வலிமையான வீரரும் கூட்டத்துக்குள்தான் ஓட்டுவார். ஏன்? மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் அவருடைய ஆற்றலில் பெரும்பகுதி காற்றை எதிர்க்கவே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றைத் தாங்கினால் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மலையில் என்ன ஆகிறது? காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அது எட்டில் ஒன்றாகிவிடும். இப்போது எதிர்த்து நிற்பது புவியீர்ப்பு. அதை இன்னொருவர் தாங்க முடியாது. எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும்.

அப்படியானால் அணி எதற்கு? எதிராளியைக் களைக்கச் செய்யத்தான். 2022 ஜூலை 13 அன்று, டூர் பந்தயத்தில் கலிபியே மலைக்குப் போகும் வழியில் ஒரே அணி வீரர்களான ரோக்லிச்சும் விங்கேகோரும் மாறிமாறி வேகமெடுத்துத் தாக்கினார்கள். இருவருக்கும் அவர்களின் எதிராளி பொகாச்சர் ஒருவரே ஈடுகொடுத்தார். திடீர் வேகத்துக்கு உடலில் உள்ள கையிருப்பு சிறியது. மீண்டும் நிரம்ப நேரம் பிடிக்கும். கடைசியாக வந்த கிரனோன் ஏற்றத்தில் பொகாச்சர் தளர்ந்து விங்கேகோரைவிட 2 நிமிடம் 51 வினாடி பின்தங்கினார். பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை விங்கேகோருக்குப் போனது.

மலைக்கட்டம் பார்க்கும்போது முதலில் போகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு அணித் தலைவருடனும் எத்தனை தோழர்கள் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.