புது நூலாசிரியரும் அச்சுக்கூடமும்

கதையும் கவிதையும் எழுதுவோருக்குத் தமிழ் நாட்டில் ஓரளவு வரவேற்பு உண்டு. ஆனால் ஒரு தொழிலில் முப்பது ஆண்டுகள் உழைத்து முதிர்ந்த ஒருவர், தாம் அறிந்த விஷயத்தைத் தம் பாஷையிலே நூலாக எழுதி வெளியிட விரும்பினால், அவருக்கு வழி சொல்லுவாரைக் காண்பது அரிது. இந்த மாநிலத்தில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்குச் சொல்லுகிறது. அவற்றின் மதகும் கலிங்கும் எவ்வாறு இயங்கின, பஞ்ச காலத்தில் நீர்க்கட்டி எந்த முறை வைத்து நீரைப் பங்கிட்டான் என்பதை நேரில் கண்டவர்கள் வயது முதிர்ந்து ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களில் ஒருவர் எழுதாமலே போனால் நஷ்டம் அவருடைய குடும்பத்தோடு நிற்பதில்லை. எழுதியும் அது பரண்மேல் கட்டுக்கட்டாகக் கிடக்குமாயின், அந்த நஷ்டத்தோடு ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த பணமும் போகிறது. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

எழுதுவதைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்ததை எழுதுக, அளவு, ஆண்டு, ஊர், பெயர் இவற்றைச் சரிபார்த்து எழுதுக. அச்சுக்குக் கொடுக்குமுன் அத்துறையை அறிந்த ஒருவரும், அதை அறவே அறியாத ஒருவரும் படித்துப் பார்ப்பது நலம். முன்னவர் பிழையைக் காட்டுவார். பின்னவர் எந்த இடத்தில் விளங்கவில்லை என்பதைக் காட்டுவார். நூலின் இறுதியில் ஒரு சொல்லடைவு சேர்க்க வேண்டுமென்று மட்டும் வற்புறுத்துகிறோம். தமிழில் வரும் அறிவு நூல்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு உபகாரத்தை வாசகருக்குச் செய்வதில்லை. முந்நூறு பக்கமுள்ள நூலில் வேண்டிய ஒரு செய்தியைத் தேடி அலுத்துப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நூல் முடிந்த பிறகுதான் உண்மையான சிரமம் ஆரம்பமாகிறது. இது இன்று நேற்று ஏற்பட்டதன்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டபோது, பிரதி வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றே அச்சுச் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. அவர் பதிப்பித்தது பழைய காவியமேயாயினும் அந்த உபாயம் எந்த நூலுக்கும் பொருந்தும். பாரதியார் 1920-ல் கடையத்திலிருந்து விடுத்த சுற்றறிக்கையில், தம் எழுத்துக்களை 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப் போவதாகக் கூறி, நண்பர்களிடம் கடன் கேட்டிருந்தார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட விரைவாக அவை விற்றுப் போகும் என்பது அவருடைய நம்பிக்கை. கடன் கொடுக்க முன்வருவோரில்லை. மறு ஆண்டிலே அவர் காலமானார். 1949-ல் அரசாங்கமே அவருடைய நூல்களின் உரிமையை வாங்கியதென்பதை நினைக்குந்தோறும் நமக்கு வருத்தமே மிகுகிறது. அவருடைய எழுத்தில் குறையில்லை. முதற் பதிப்புக்குப் பிரதிகள் எத்தனை, அவற்றை வாங்குவோர் எவர் என்ற கணக்கில்தான் அவருடைய ஆசை முந்திக்கொண்டது.

அந்தக் கணக்கை இன்றைய நிலையில் போட்டுப் பார்ப்போம். 160 பக்கம், அதாவது பத்துப் படிவம் கொண்ட ஒரு நூலின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்குக் கழிவு நூற்றுக்கு 35 என்றும், ஆசிரியருக்கு உரிமைத் தொகை நூற்றுக்கு 10 என்றும் கொள்வோம். ஆயிரம் பிரதிகளும் விற்றால் வரவு 2,00,000 ரூபாய். கடைக்கு 70,000, ஆசிரியருக்கு 20,000 போக, 1,10,000 ரூபாயில் காகிதம், அச்சு, கட்டுமானம், மெய்ப்புத் திருத்தம், போக்குவரத்து எல்லாம் நடந்தாக வேண்டும். முந்நூறு பிரதிகளே விற்றால் இவ்விருவர் பங்கும் போக எஞ்சுவது 33,000 ரூபாய். ஆயிரம் பிரதிகள் அச்சிட்ட செலவு அதில் அடங்காது. பதிப்பாளர் புதுப் பெயரைக் கண்டு தயங்குவதன் காரணம் இதுவே. அவரைக் கஞ்சரென்று ஏசுவதில் பயனில்லை.

இத்தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது. நூலைப் பாராட்டி எழுதுவார்கள். அச்சுச் செலவையும் அதற்கு மேலும் ஆசிரியரிடமே வாங்குவார்கள். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடத்துவார்கள். பொன்னாடையும் புகைப்படமும் குறைவின்றி நடந்தேறும். விழா முடிந்த மறுநாள் எழுநூறு பிரதிகள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கும். தம் பணத்தில் அச்சிடுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு செய்வோர் பதிப்பாளர் என்ற பெயரையும், லாபத்தையும், உரிமையையும் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். செலவு ஒருவருக்கும் உரிமை மற்றொருவருக்கும் என்ற ஏற்பாடு எந்த வியாபாரத்திலும் நியாயமாகாது.

உரிமையைப் பற்றிச் சட்டம் தெளிவாயிருக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நூல் எழுதப்பட்டவுடனே உரிமை ஆசிரியருடையதாகிறது. பதிவு செய்துதான் தீர வேண்டும் என்பதில்லை. அவர் ஆயுள் முழுவதும், காலமான பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்து மூலமாகவே கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிடில், வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தாலன்றி, அது ஆசிரியரிடமே திரும்பிவிடும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், அச்சில் தம் பெயரைக் காணும் ஆவலில் எத்தனையோ பேர் படித்துப் பாராமலே கையெழுத்திடுகின்றனர். அச்சிடும் பிரதிகள் எத்தனை, கணக்கு எப்போது காட்டப்படும், மின்னூலும் மொழிபெயர்ப்பும் யாரைச் சேர்ந்தவை என்ற மூன்றையும் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்திட வேண்டாமென்பது நமது அபிப்பிராயம்.

தாமே வெளியிடுவோருக்கு இப்போது ஒரு புதிய வசதி வாய்த்திருக்கிறது. எண்முறை அச்சில் ஐம்பது அல்லது நூறு பிரதிகள் மட்டும் எடுத்துக்கொண்டு, விற்ற பிறகு மேலும் எடுக்கலாம். பிரதிக்கு அடக்கச் செலவு கூடுதலாகும். ஆனால் பணம் முடங்காது, இரண்டாம் முறைக்குள் பிழையும் திருத்தலாம். அனைத்துலக நூல் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. வெளியான 30 நாட்களுக்குள், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இதை வீண் செலவென்று பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவன் தேடி வரும்போது அந்நூல் அகப்படக்கூடிய இடங்கள் அவையேயாம்.

விற்பனைக்கு வருவோம். விளம்பரத்துக்குப் பணம் கொட்டுவது புது ஆசிரியருக்கு ஏற்றதன்று. அறிவு நூலுக்கு வாசகர் எங்கே இருக்கிறார் என்பது பெரும்பாலும் அதன் பொருளிலிருந்தே விளங்கும். ஏரிப் பாசனத்தைப் பற்றி எழுதியவர், ஆயக்கட்டுக்காரர் சங்கத்திலும், விவசாயக் கல்லூரியிலும், பொறியாளர் கூட்டத்திலும், ஊர் நூலக வாசகர் வட்டத்திலும் போய்ப் பேசட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துப் பிரதிகள் விற்பது சென்னைக் கடையில் ஓராண்டு தூங்குவதைவிட மேலானது. சாமிநாதையர் காலத்துக் கையொப்ப முறையும் இன்றைக்கு உதவும்: அச்சிடுமுன் நூறு பேரிடம் முன்பணம் பெற முடியாத நூலை ஆயிரம் பிரதி அச்சிடுவானேன்? நூல் மதிப்புரையை நாடுவோர், நண்பர்களுக்குப் புகழுரை கேட்டு அனுப்புவதை நிறுத்தி, அத்துறையில் மாறுபட்ட கருத்துடையோருக்கு ஒரு பிரதி அனுப்பிப் பார்க்கட்டும். சென்னையில் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சி பெரிய வாய்ப்புத்தான். எனினும் அந்தப் பல நூறு கடைகளின் நெருக்கடியில் பெயர் தெரியாத நூல் தானாகக் கண்ணில் படுமென்று எதிர்பார்ப்பது அதிகம்.

ஆசிரியர்கள் ஒன்றுகூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு அண்டை நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 1945-ல் கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர் சிலர் மிகச் சிறு முதலைக்கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தம் நூல்களைத் தாமே பதிப்பித்து, உரிமைத் தொகையாக நூற்றுக்கு 30 கொடுத்தனர். நம்மவர்களுக்கும் அது கைகூடாத காரியமன்று.

அதுவரையில் சிறிய ஏற்பாடு ஒன்றையாவது கோருகிறோம். 1948-ல் பொது நூலகச் சட்டம் இயற்றி இந்நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. அச்சட்டத்தின்கீழ் மக்களிடம் நூலக வரி வசூலாகிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களும் நடைபெறுகின்றன. ஒவ்வொரு திருவிழாவிலும், அந்தந்த மாவட்டத்து மண், நீர், தொழில், சரித்திரம் பற்றி உள்ளூரார் எழுதித் தாமே வெளியிட்ட நூல்களுக்கென்று வாடகையின்றி ஒரு கடையும், மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒதுக்கினால், அதற்காகும் செலவு மிகச் சொற்பமே. அடுத்த திருவிழாவுக்கு முன்பே ஆட்சியாளர்கள் இதனைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.