புகைக்கும் ஒரு விலை உண்டு

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாசலருகே சரக்கு லாரிகள் ஓயாது விரைகின்றன. வண்டி வாடகையைப் பெறுபவர் ஒருவர். புகையைச் சுவாசிப்பவர்களோ அவ்வீட்டுப் பிள்ளைகள். இது முறையாகுமா?

சுவிட்சர்லாந்து மக்கள் இக்கேள்விக்கு வாக்குச் சீட்டால் விடையளித்தனர். 1998-ஆம் ஆண்டு அவர்கள் ஒப்புதல் அளித்த கனரக வாகனக் கட்டணம் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. ஓடும் தொலைவு, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, அது கக்கும் மாசு ஆகிய மூன்றையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. சரக்கின்றி ஓடினாலும் கட்டணம் குறையாது. ஆகவே வெற்றுப் பயணம் வீண் செலவாயிற்று.

ஆயின், வரி மட்டும் போதுமா? மாற்று வழி இல்லையெனில் அச்சுமை பொருள்களின் விலையில் ஏறி, ஏழையின் அடுப்பங்கரையில் வந்து இறங்கும். இதனை உணர்ந்த அந்நாடு, வருவாயில் பெரும்பங்கை இருப்புப்பாதைகளுக்கு ஒதுக்கியது. 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் ரயில் சுரங்கப்பாதை அத்திட்டத்தின் கனியாகும்.

2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆல்ப்ஸ் மலைவழிகளைக் கடந்த லாரிகள் சுமார் 14 லட்சம். இன்றோ ஆண்டுக்கு 10 லட்சத்திற்கும் குறைவு. சட்டம் வகுத்த 6,50,000 என்னும் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை என்பதும் உண்மையே.

கரியமில வாயுவுக்கு வரி விதிக்க முனையும் நாடுகளுக்கெல்லாம் இதில் படிப்பினை உண்டு. வரி வாங்குவது எளிது. வாங்கிய பணம் யாருக்குப் பயன்படுகிறது என்பதே அதன் நீதிக்கு உரைகல்.