பிறர் சொல்லும் தன்மதிப்பும்

மனிதன் தன் முகத்தைக் கண்ணாடியில் காண்கிறான். தன் தகுதியைப் பிறர் சொற்களில் காண முயல்கிறான். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902ஆம் ஆண்டில் இதனைக் 'கண்ணாடித் தன்னுரு' என்னும் கருத்தாக விளக்கினார். பிறர் கண்ணுக்கு நாம் எவ்வாறு தோன்றுகிறோம், அவர்கள் நம்மை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று நாமே கற்பனை செய்கிறோம். பெருமிதமும் நாணமும் அக்கற்பனையிலிருந்தே பிறக்கின்றன.

சாய்ந்த துலாக்கோல்

பாராட்டும் குறைகூறலும் மனத்தில் ஒரே எடையில் பதிவதில்லை. டாலி ஷாரட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நோய், திருட்டு போன்ற இடர்கள் தமக்கு நேரும் வாய்ப்பைப் பங்கேற்பாளர்கள் மதிப்பிட்டனர். பின்னர் உண்மையான சராசரி அவர்களுக்குக் கூறப்பட்டது. எதிர்பார்த்ததைவிட நல்ல செய்தி கிடைத்தபோது அவர்கள் தம் மதிப்பீட்டை மிகுதியாக மாற்றிக்கொண்டனர்; தீய செய்திக்குச் சிறிதளவே மாற்றினர். மனச்சோர்வுற்றோரிடம் இந்த நன்னம்பிக்கைச் சாய்வு காணப்படவில்லை என்று பிற்கால ஆய்வு காட்டியது.

பதற்றம் செய்வது

சமூகப் பதற்றம் உடையவரின் கவனம், அவையை விட்டுத் தன்மீதே திரும்பிவிடுகிறது என்று டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகியோர் 1995இல் விளக்கினர். தன் நெஞ்சு படபடப்பதை உணர்பவர், அவையோரும் அதனைக் கண்டுவிட்டதாக நம்புகிறார். நிகழ்ச்சி முடிந்த பின்னும் அதையே அசைபோடுகிறார். ஒரு மாணவியின் பேச்சை ஒன்பது பேர் பாராட்ட, ஒருவர் 'சற்று விரைவாகப் பேசினாய்' என்றால், இரவெல்லாம் அந்த ஒரு சொல்லே ஒலிக்கிறது. மேடைப்பேச்சுக்கு நடுவர் மதிப்பீடு வழங்கி நடத்தப்பட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தம்மைப் பற்றிக் கற்றுக்கொள்வதில் மற்றவர்களிடம் காணப்பட்ட நேர்மறைச் சாய்வு இத்தகையோரிடம் இல்லை என்பது தெரியவந்தது.

சோர்வு செய்வது

மனச்சோர்வின் வழி சற்று வேறு. சோர்வுற்றவர் தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் இருளாகவே காண்கிறார் என்றார் மனநல மருத்துவர் ஆரோன் பெக். அவரிடம் பாராட்டு சென்று சேர்கிறது; ஆனால், தங்குவதில்லை. 'இரக்கத்தால் சொன்னார்கள்', 'தற்செயலாக அமைந்தது' என்று அதற்குக் காரணம் கற்பித்துப் பழைய நம்பிக்கையையே காத்துக்கொள்கிறார். பதற்றம் பழிச்சொல்லைப் பெரிதாக்குகிறது. சோர்வு புகழ்ச்சொல்லைச் செல்லாததாக்குகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. அப்போது வகுப்பில் கை உயர்த்துவதும் நண்பருடன் பேசுவதும் குறைகின்றன. நம்பிக்கையை மாற்றக்கூடிய புதிய அனுபவங்களும் குறைந்துபோகின்றன.

மாற்றம் இயலும்

இச்சாய்வு குணக்குறையன்று, சீர்செய்யக்கூடிய கற்றல் முறையே. பெக் வகுத்த அறிதல் சிகிச்சை, எண்ணத்தைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்றுகிறது. தம் பேச்சின் காணொலிப்பதிவைப் பார்த்து, அஞ்சிய அளவுக்குத் தம் பேச்சு மோசமாக இல்லை என்று அறிவதும் ஒரு பயிற்சியாகும். கருத்துக் கூறுவோர்க்கும் பொறுப்புண்டு. 'நன்று' என்னும் பொதுச்சொல்லை எளிதில் தள்ளிவிடலாம். 'நீ காட்டிய இரண்டாம் எடுத்துக்காட்டு கருத்தைத் தெளிவாக்கியது' என்பதைத் தள்ளுவது கடினம். துயரம் நீடித்தால் ஆசிரியரையோ மருத்துவரையோ நாடுதல் வேண்டும். டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

பிறர் சொல் ஒரு சான்று மட்டுமே. அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.