கடற்கரை வெக்கையில் ஒரு பழைய கணினி

கணினியின் செயலிக்கு அதனைச் செய்த நிறுவனம் ஒரு மீடிறனை, அதாவது ஒரு செக்கனில் அது எத்தனை துடிப்புகளுடன் இயங்க வேண்டும் என்ற அளவை, குறித்துக் கொடுக்கிறது. அந்த அளவையும் தாண்டிச் செயலியை ஓட்டுவதே ஓவர்குளொக்கிங் எனப்படுகிறது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிய பின்னர், புதிய கணினியின் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமற் போனதால், வீட்டில் இருக்கும் பழைய பெட்டியையே முடுக்கிப் பார்க்கும் எண்ணம் எழுவது இயல்பே. அவ்வாறு முடுக்கப்பட்ட பெட்டி சில காலம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பின்னர் நீலத்திரையைக் காட்டி நின்றுவிடும்போது, வோல்ற்றளவை இன்னும் சற்றுக் கூட்டிவிடுவதே பலரும் முதலில் செய்யும் காரியம். பெரும்பாலும் பிழைக்கு மேல் பிழை சேர்வது அங்கேதான்.

வெப்பமான அறை, சீரற்ற மின்வழங்கல், வருடக்கணக்கான தேய்வு ஆகிய எல்லாவற்றையும் எதிர்பார்த்தே நிறுவனங்கள் மீடிறனைச் சற்றுத் தாழ்த்திக் குறிக்கின்றன. அந்த இடைவெளியைத்தான் ஓவர்குளொக்கிங் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் காலப்போக்கில் அந்த இடைவெளி சுருங்குகிறது: செயலியும் மூப்படைகிறது, தாய்ப்பலகையில் மின்னைச் சீராக்கும் கொள்ளளவிகளும் உலர்ந்து வலுவிழக்கின்றன. இரத்மலானை, வெள்ளவத்தை போன்ற கரையோர இடங்களில் இவற்றோடு காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. எந்த விசிறியாலும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாதாகையால், 24 பாகை செல்சியஸில் வைக்கப்பட்ட குளிரூட்டிய அறையில் 68 பாகை காட்டும் செயலி, சித்திரை மாதப் பகலில் 32 பாகை நிலவும் அறையில் அதே வேலைக்கு ஏறத்தாழ 76 பாகையைக் காட்டும். செயலி உட்கொள்ளும் வலு மீடிறனோடு நேராகவும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் வளர்வதால், 2.4 கிகாஹேட்ஸை 3.0 ஆகவும் 1.25 வோல்ற்றை 1.35 ஆகவும் உயர்த்தும் ஒருவர், வேகத்தில் 25 சதவீதத்தைப் பெறுவதற்காக வலுவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கூடுதலாகச் செலவிடுகிறார்.

ஆகவே கோளாறைத் தேடும் வேலை, பயோஸில், அதாவது இயங்குதளம் எழுமுன் தாய்ப்பலகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில், எல்லா அமைப்புகளையும் நிறுவனம் கொடுத்த நிலைக்கே திருப்புவதிலிருந்து தொடங்க வேண்டும். அந்நிலையிலும் கணினி தடுமாறுமானால் குற்றம் ஓவர்குளொக்கிங்கினுடையது அன்று. உப்பும் ஈரமும் கலந்த காற்றினால் ராமின், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தின், தொடுமுனைகளில் படலம் படிந்திருக்கலாம். அதனைக் கழற்றி, பழுதுபார்ப்போர் செய்வதுபோல் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மீளப் பொருத்திய அளவிலேயே தீர்ந்துபோகும் சிக்கல்கள் உண்டு. செயலிக்கும் அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருந்தால் அதனையும் மாற்ற வேண்டும். பயோஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் 3 வோல்ற்று பற்றரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் அமைப்புகள் அழிந்துவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதனால் நாடே இருளில் மூழ்கிய தேசத்தில் இதனைச் சிறு குறையாகத் தள்ளிவிட முடியாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் முடுக்கிய நிலையில் மட்டும் கணினி விழுமானால், எந்த உறுப்பு தோற்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். 2007 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் 2 குவாட் கியூ6600 இதற்கு நல்ல உதாரணம். அதன் 2.4 கிகாஹேட்ஸ் என்பது, தாய்ப்பலகையின் 266 மெகாஹேட்ஸ் அடிப்படைத் துடிப்பை 9 ஆல் பெருக்கிக் கிடைக்கும் அளவு. பெருக்கெண்ணை 9 இற்கு மேல் உயர்த்த முடியாதென்பதால், 3.0 கிகாஹேட்ஸை விரும்புவோர் அடிப்படைத் துடிப்பையே 333 ஆக்குகின்றனர். அப்போது அதே துடிப்பிலிருந்து தன் வேகத்தைப் பெறும் ராமும் சத்தமின்றி முடுக்கப்பட்டுவிடுகிறது: அடிப்படைத் துடிப்புக்கும் ராமின் துடிப்புக்கும் இடையே 2:3 என்ற விகிதத்தில், ஒரு துடிப்புக்கு இரண்டாக எண்ணப்பட்டு 800 ஆக ஓடிக்கொண்டிருந்த டிடிஆர்2 ராம், விகிதத்தை மாற்றாமல் விட்டால் 1000 இற்குப் பாய்ந்துவிடும். செயலியைச் சந்தேகித்து வோல்ற்றளவை ஏற்றிக்கொண்டே போவோருள் பலர் உண்மையில் இந்த ராமின் கோளாற்றுக்கே மருந்து தேடுகின்றனர்.

இதனை வெளிப்படுத்த எளிய வழியொன்று உண்டு. துடிப்பை 333 இலேயே வைத்துப் பெருக்கெண்ணை 6 ஆகக் குறைத்தால் செயலி 2.0 கிகாஹேட்ஸில், தன் இயல்பு வேகத்துக்கும் கீழே, ஓடும். அப்போதும் பிழை வந்தால் குற்றம் ராமிலோ தாய்ப்பலகையிலோதான். இயங்குதளம் எழுமுன்னரே ஓடி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ முதலில் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். பிழையான ராமோடு விண்டோஸைத் திறந்தால் வட்டிலுள்ள கோப்புகளும் பழுதாகலாம். ராம் தேறிய பின்னர், விடை முன்கூட்டியே தெரிந்த பெருங்கணக்குகளைச் செய்வித்து ஒப்பிடும் பிரைம்95 செயலியைச் சோதிக்கும். ஒரு தடவையில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்ற வேண்டும். சோதனையைப் பெட்டியின் மூடியைப் பூட்டி, நண்பகல் வெக்கையிலேயே நடத்த வேண்டும், இரவு 11 மணிக்குக் கிடைக்கும் வெற்றி பகலுக்குச் செல்லுபடியாகாது.

இத்தனைக்குப் பின்னும் 3.0 நிலைக்காவிடில், 333 துடிப்பைத் தாங்கும் தாய்ப்பலகையில் பெருக்கெண்ணை 8 ஆகவும் ராம் விகிதத்தை 1:1 ஆகவும் வைக்கலாம். அப்போது செயலி 2.66 கிகாஹேட்ஸிலும் ராம் 667 இலும் ஓடும், வோல்ற்றளவும் அநேகமாக நிறுவனம் குறித்த அளவுக்கே இறங்கிவிடும்.