கிண்ணமிருந்தும் தாகம்

பாமன்கடையில் மழை ஓய்ந்ததும் வேலியோரச் செவ்வரத்தையைச் சற்று உற்றுப் பாருங்கள். இலைநுனியில் தொங்கும் துளியை ஓணான் நக்கிக் குடிப்பதைக் காணலாம். அதற்கு நெருங்கிய இனமாகிய பச்சோந்தியின் வழக்கமும் இதுவே. கிண்ணம் நிறைய நீர் வைத்தாலும் அதனருகிலேயே அது தாகத்தால் மடியக் கூடும். அசையாத நீரை அது பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை.

ஆகையால், வெளிநாடுகளில் யேமன் தேசத்துப் பச்சோந்தியை வளர்ப்போர் காலையும் மாலையும் கூட்டின் இலைகள்மீது நீரைப் பனிபோலத் தெளிக்கின்றனர். சொட்டுச் சொட்டாக விழவும் விடுகின்றனர். அந்நீர் நாள்தோறும் புதியதாயிருத்தல் வேண்டும். அடியில் தேங்கியதையே மீண்டும் மேலேற்றினால் எச்சமும் கிருமியும் உடனேறும். தெளிப்பானையும் கழுவிக் காயவைத்தல் அவசியம். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். கண் குழிவதும், எச்சத்தின் வெண்பகுதி செம்மஞ்சளாவதும் நீர் போதாமையின் அறிகுறிகள்.

நம் நாட்டிலோ கதை வேறு. வடமேற்கின் வரண்ட காடுகளில் வாழும் நமது பச்சோந்தியை, 1937ஆம் ஆண்டில் பிறந்து பின்னர் பலமுறை திருத்தப்பட்ட வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கின்றது. அதைப் பிடித்து வளர்த்தல் குற்றம். வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: வெயில் கடுமையான நாளில் வளவுச் செடிகளுக்கு விடியற்காலையில் நீர் தெளியுங்கள். அருகே ஓடும் கால்வாய் நீர் ஆகாது. குழாய் நீரே போதும். தெளித்தபின் சற்று விலகி நில்லுங்கள். ஓணான் தானே இறங்கி வரும்.