தொடுதிரைக் காலத்தில் எழுத்தறிவு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் எழுத்தறிவு பெற்றவராகப் பதிவாக அதிகம் தேவையில்லை. ஏழு வயது ஆகியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் கேட்பதில்லை. 1951இல் இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 18 சதவீதம். 2011இல் சுமார் 73 சதவீதம், தமிழ்நாட்டில் 80 சதவீதம். அறுபது ஆண்டுகளில் நடந்த இந்த ஏற்றம் சாதாரணமானதல்ல. ஆனால் இந்த அளவுகோல் கடிதமும் செய்தித்தாளும் ரேஷன் அட்டையும் மட்டுமே கையில் இருந்த ஓர் ஆளை மனத்தில் வைத்து உருவானது. இன்றைய மாணவன் ஒரு நாளில் படிப்பதில் பெரும்பகுதி, யார் எழுதியது என்றே தெரியாமல் கைப்பேசித் திரையில் வந்து விழுவது.

அளவுகோல் மாறுவது புதிதல்ல. அன்றாட வாழ்வைப் பற்றிய ஒரு சிறு எளிய கூற்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் போதும் என்று 1958இல் யுனெஸ்கோ வரையறுத்தது. இருபது ஆண்டுகள் கழித்து அதே அமைப்பு, தான் வாழும் சமூகத்தில் எழுத்தும் கணக்கும் தேவைப்படுகிற காரியங்களில் பங்கெடுக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அந்த மாவட்டத்து அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். சைக்கிளுக்கும் அகரவரிசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். வகுப்புக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடியாத பெண்ணுக்கு, கற்ற எழுத்தைப் பயன்படுத்தும் இடமே கிடைக்காது என்பது இயக்கத்தாரின் பதில். எழுத்தறிவு என்பதற்குள் எதைச் சேர்ப்பது என்ற கேள்வியைக் கல்வியாளர்களுக்கு முன்பே களப்பணியாளர்கள் தீர்த்துவைத்த தருணம் அது.

கல்வியாளர்கள் தரப்பில் இந்த விவாதத்துக்குத் திருப்புமுனையாகச் சொல்லப்படுவது 1996ஆம் ஆண்டு ஹார்வர்டு எஜுகேஷனல் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை. நியூ லண்டன் குழு என்ற பெயரில் பத்து அறிஞர்கள் சேர்ந்து எழுதியது. படம், ஒலி, பக்க அமைப்பு, சைகை எல்லாம் எழுத்தோடு கலந்து பொருள் தருகிற காலம் வந்துவிட்டது; ஒரே ஓர் எழுத்தறிவைக் கற்பித்தால் போதாது, பல எழுத்தறிவுகள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டே பால் கில்ஸ்டர் எழுதிய நூல் டிஜிட்டல் எழுத்தறிவு என்ற பெயரைப் பரப்பியது. விசைகளைத் தட்டுவது அல்ல, கருத்துகளைக் கையாள்வதே அந்தத் திறன் என்று அவர் அப்போதே அழுத்திச் சொன்னார். பள்ளிகளின் காதில் அது விழவில்லை. இன்றும் பல இடங்களில் டிஜிட்டல் எழுத்தறிவு என்றால் கணினி ஆய்வகத்தில் வாரத்துக்கு ஒரு பீரியடு, கோப்பைத் திறந்து மூடும் பயிற்சி.

கருவியை இயக்கத் தெரிவதும் படிக்கத் தெரிவதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை, பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் 2023 அறிக்கை காட்டியது. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்த அறிக்கை அது. ஏறக்குறைய 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, அதைப் பயன்படுத்தவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே இளைஞர்களில் கால்வாசிப் பேருக்குத் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றிப் படிக்க வரவில்லை. இன்னொரு கணக்கும் கவனிக்க வேண்டியது: போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 சதவீதத்தினருக்குச் சொந்தப் போன் உண்டு, பெண்களில் 19.8 சதவீதத்தினருக்குத்தான். அண்ணனிடமோ அப்பாவிடமோ கேட்டு வாங்கிப் பார்க்கிற பெண்ணுக்கு, எதையும் நிதானமாகத் தேடிப் பழக நேரம் எங்கே இருக்கும்?

போனும் இருந்து, சரளமாகப் படிக்கவும் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை என்று காட்டியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்வு. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர். எல்லோர் முன்னும் இரண்டு இணையதளங்கள் வைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்: 1930இல் தொடங்கியது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட குழந்தை மருத்துவர் சங்கம். மற்றது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்: ஒருபாலினத் தம்பதியர் குழந்தையைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததால் 2002இல் பிரிந்து போன சிறு குழு. பெயரும் முகப்பும் கிட்டத்தட்ட ஒரே தோரணை. எது நம்பத்தக்கது?

மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே தேர்ந்தார்கள். வரலாற்றறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களில் ஒருவரும் ஏமாறவில்லை. வேறுபாடு அறிவில் இல்லை, படித்த விதத்தில் இருந்தது. மற்ற இரு தரப்பாரும் தளத்துக்குள்ளேயே இருந்து, மேலிருந்து கீழாக, பாடநூலைப் படிப்பதுபோல் கவனமாகப் படித்தார்கள். சின்னம் கண்ணியமாக இருக்கிறதா, விளம்பரம் இல்லையா, கட்டுரைக்கு அடிக்குறிப்பு உண்டா, முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறதா என்று பார்த்தார்கள். இவை எல்லாவற்றையும் காசு கொடுத்தால் எவரும் செய்துகொள்ளலாம். சரிபார்ப்பவர்களோ தளத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சில நொடிகளில் பக்கத்தில் புதிய பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போனார்கள். குறைவாகப் படித்தார்கள், சீக்கிரமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். ஒரு பனுவலை முழுதாக ஆழ்ந்து படி என்று பள்ளியில் சொல்லித்தரும் அறிவுரை, யார் எழுதினார்கள் என்று தெரியாத பக்கத்தில் எதிர்மாறாக வேலை செய்கிறது. படிக்கத் தகுந்ததா என்று முதலில் வெளியே போய் விசாரித்து வருவதே இங்கு முதல் படி.

வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திக்கு முகப்புகூட இல்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது, மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி ஊரெங்கும் பரவி, பண்ணை நிர்வாகம் மறுப்பு வெளியிட நேர்ந்தது. சொன்னவர் தெரிந்த மாமாவாக இருந்ததால் நம்பியவர்கள்தான் அதிகம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்கு எதிரான வதந்திகளால் பெற்றோர் ஊசி போட மறுத்தார்கள். அதைக் கண்ட ஆட்சியர் மீர் முகமது அலி 2018இல் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வகுப்பைத் தொடங்கினார். சத்யமேவ ஜயதே என்று அதற்குப் பெயர். வந்த செய்தியின் மூலம் எது, தலைப்பு ஏன் இப்படிப் பதறுகிறது, இந்தப் படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். முப்பதாண்டு முன்பு முழு எழுத்தறிவை எட்டிய மாநிலத்திலேயே இது தேவைப்பட்டது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் சொல்லி, புத்தகத்தை ஓரம் கட்டிவிடலாம் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. சான்றுகள் அந்தப் பக்கம் இல்லை. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து, சுமார் 1,70,000 வாசகர்களின் முடிவுகளைப் பாப்லோ டெல்காடோ குழுவினர் 2018இல் ஒப்பிட்டார்கள். தகவல் சார்ந்த பனுவல்களைத் தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இடைவெளி இன்னும் கூடியது. கதைகளில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. திரையோடு பழகப் பழக இடைவெளி சுருங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆண்டுகள் போகப்போக அது பெருகியே வந்திருந்தது. சுவீடன் 2023இல் வகுப்பறைக்கு அச்சுப் பாடநூல்களைத் திரும்பக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியதற்கு இத்தகைய கண்டுபிடிப்புகளும் ஒரு காரணம். தாளில் ஊன்றிப் படிப்பதும் திரையில் விசாரித்துப் படிப்பதும் இரண்டு பழக்கங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பயிற்ற வேண்டும்.

யார் பயிற்றுவது? பின்லாந்து இதற்கென்று புதிய பாடம் எதையும் வைக்கவில்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த அதன் கலைத்திட்டம் பல்வகை எழுத்தறிவை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான திறனாக்கியது. கணக்கு வகுப்பில் புள்ளிவிவரத்தை வைத்து எப்படி ஏமாற்றலாம் என்று பார்க்கிறார்கள். ஓவிய வகுப்பில் படம் எப்படித் திரிக்கப்படுகிறது என்று. வரலாற்றில் பழைய பிரசாரச் சுவரொட்டிகள். கணினி ஆசிரியர் ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் விட்டதுதான் அதன் வெற்றி.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சு விழுந்தது. பக்கத்துப் பக்கத்தைத் திறந்து மூலத்தைத் தேடு என்ற உத்திக்கு, மூலம் என்று ஒன்று இருக்க வேண்டும். இந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து விடையைக் கட்டுகின்றன. அதனால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சொல்லிவிடும். நடையில் ஒரு தயக்கமும் தெரியாது. பிழையான வாக்கியம் பிழையான தகவலின் அறிகுறி என்று நம்பிவந்த வாசகருக்கு அந்தக் கைகாட்டியும் போயிற்று. இவை பயின்ற தரவில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் மிகக் குறைவு. ஆகவே தமிழில் கேட்கிற பிள்ளை கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியிருக்கிறது. விடை சொன்ன நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் பார்ப்பது இப்போதைக்கு எளிய சோதனை.

கற்பிப்பது மாறினாலும் தேர்வு மாறாவிட்டால் வகுப்பறை மாறாது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2018ஆம் ஆண்டு வாசிப்புப் பகுதியில் ராப்பா நூயித் தீவைப் பற்றி ஒரு கேள்வித்தொகுதி வந்தது. கணினித் திரையில் மூன்று பனுவல்கள்: தீவுக்குப் போன பேராசிரியரின் குறிப்பு, ஜாரெட் டயமண்டின் நூலுக்கு ஒரு மதிப்புரை, தீவின் மரங்களை அழித்தவை எலிகளே என்று வாதிடும் அறிவியல் செய்தி. மதிப்புரையிலிருந்து சில வாக்கியங்களை எடுத்து எது தகவல், எது கருத்து என்று பிரிக்கச் சொன்னார்கள். பிறகு மரங்கள் எப்படி அழிந்திருக்கும் என்று மூன்றையும் வைத்து விடை எழுத வேண்டும். இத்தகைய நுட்பமான வேறுபாட்டைக் காணும் மேல்நிலையை எட்டியவர்கள், பங்கேற்ற வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலில் ஏறக்குறைய கடைசியில் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் மாற்றாக நம் சூழலுக்குப் பொருந்திய மூன்று பனுவல்களை அருகருகே வைத்து மூலத்தை விசாரிக்கச் சொல்லும் வினாத்தாள் நம் பொதுத்தேர்வில் இன்னும் இடம்பெறவில்லை. பீசா 2029 சுற்றில் ஊடக அறிவையும் செயற்கை நுண்ணறிவைக் கையாளும் அறிவையும் தனியாகச் சோதிக்கத் திட்டமிட்டிருக்கிறது.